மேவிஸுக்குத் திறக்கும் கதவு

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு மாடுகள் மரியாதையாக நடந்துகொண்டன. லைல் பாஸ்கோவுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

பிராம்லி கிரீக் இறைச்சி ஆலையின் மாட்டுப் பட்டியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர் அவர். அவருடைய அனுபவத்தில் மாடு என்பது, வளைபாதையின் வாயில் வந்ததும் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு, பல் டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்களைப்போலப் பக்கத்தில் இருப்பவரை முதலில் அனுப்பப் பார்க்கும் பிராணி. தகரத்தில் வெயில் பட்டு மின்னினால் நிற்கும். வேலியில் யாரோ மாட்டிவிட்டுப்போன மழைச்சட்டையைப் பார்த்தால் நிற்கும். எந்தக் காரணமும் கிடைக்காவிட்டால், அதைப்பற்றி யோசிப்பதற்காக நிற்கும். அன்று எதுவும் நிற்கவில்லை. ஆள் உயரச் சுவர்களுக்கு நடுவே ஒரே ஒரு மாடு நுழையும் அகலத்தில் வளைந்து வளைந்து மேலேறும் அந்தப் பாதையில், ஈரச் சாணமும் கிளோரினும் இரவுப் பனியில் ஊறிய வைக்கோலும் சேர்ந்து வீசும் அந்தப் பழைய வாசனைக்குள், அறுபத்துச் சொச்சம் கிழட்டுப் பசுக்களும் ஒன்றன்பின் ஒன்றாக, சர்ச்சில் அப்பம் வாங்கப் போகிறவர்களைப்போலத் தலைகுனிந்து நடந்தன. யாரும் அதட்டவில்லை. யாரும் தட்டவில்லை. குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது.

முதல் பசுவுக்கு முன்னால் ஒரு மாட்டின் நீளத்துக்கு இடம் காலியாக இருந்தது. அந்தப் பசு வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முன்னால் போகிற ஒருவரின் வாலை மிதித்துவிடக்கூடாது என்பதுபோல அந்த இடைவெளியைக் காப்பாற்றிக்கொண்டே வந்தது.

பாதையின் கடைசி வளைவில், இடப்பக்கச் சுவரில் ஒரு சின்ன இரும்புக் கதவு உண்டு. அதன் கயிறு மேலே பலகை மேடைக்கு வரும். லைல் நிற்பது அந்த மேடையில்தான். பசு அந்தக் கதவுக்கு நேராக வந்ததும் நின்றது. ஒரு கயிற்றை இழுத்துக் கதவு திறக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு தலையைத் தூக்கி மேலே லைலைப் பார்த்தது. பிறகு நடந்தது.

அடுத்த பசுவும் அங்கேயே நின்றது. பார்த்தது. நடந்தது.

அதற்கடுத்ததும்.

"இவ்வளவு அமைதியா மாடுங்க போறதை நான் எந்த ஆலையிலயும் பார்த்ததில்ல" என்றாள் கீழே நின்ற தணிக்கைக்காரி. உலகமெங்கும் கிளை வைத்திருக்கும் ஒரு பர்கர் கடைக்காரர்கள் தங்களுக்கு மாட்டிறைச்சி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவர அனுப்பிய பெண்மணி அவள். கையில் காகிதம் செருகிய அட்டை, தலையில் வெள்ளை ஹெல்மெட். பக்கத்தில் நின்ற மேனேஜர் ட்ரெண்ட், தானே ஒவ்வொரு மாட்டையும் உட்காரவைத்துப் பேசி ஒழுக்கம் கற்றுக்கொடுத்ததுபோலச் சிரித்தான்.

"எங்க லைலோட கைராசி" என்றான்.

லைல் தன் கையைப் பார்த்தார். அது கால்சட்டைப் பைக்குள் இருந்தது.

*

மேவிஸ் ஒரு பசு. அந்த ஆலையில் லாரியில் வராத ஒரே மாடு அவள்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், வளைபாதைக்குள் போகவேண்டிய ஒரு சிவப்புப் பசு, முந்தின நாள் சாயங்காலம் பட்டியிலேயே கன்று போட்டது. தாய் காலையில் உள்ளே போனாள். கன்றையும் சேர்த்து அனுப்புவதுதான் வழக்கம். லைலுக்கு அன்று மனசு வரவில்லை. தன் மதிய உணவு டப்பாவில் பால்பொடியைக் கரைத்து, விரலைச் சூப்பக் கொடுத்து வளர்த்தார். மனைவி கிளெனிஸ்தான் தன் செத்துப்போன அத்தையின் பெயரை அதற்கு வைத்தாள். அத்தைக்கும் அதே நீள முகமாம், அதே பொறுமையாம்.

வளர்ந்ததும் மேவிஸுக்கு ஒரு வேலை கிடைத்தது. புதிதாக வருகிற மாடுகள் பாதைக்குள் நுழையப் பயப்படும். முன்னால் தைரியமாக ஒரு மாடு போனால் பின்னாலேயே வரும். மேவிஸின் கழுத்தில் மணி கட்டி முன்னால் விடுவார்கள். அவள் ஆடி ஆடி ஏறுவாள். கடைசி வளைவில் இடப்பக்கக் கதவுக்கு நேராக நிற்பாள். லைல் கயிற்றை இழுப்பார். கதவு திறக்கும். அவள் ஒதுங்கி வெளியே போவாள். கதவு மூடும். பின்னால் வந்தவர்கள் நேராக மேலே போவார்கள், மாட்டை அடைத்துக் கொல்லும் இரும்புப் பெட்டிக்குள். வெளியே மேவிஸுக்கு இரண்டு இஞ்சி பிஸ்கட். ஒரு மந்தைக்கு இரண்டு என்பது பேச்சு. ஒன்று கொடுத்தால் இன்னொன்றுக்காகச் சட்டைப்பையை முகர்ந்துகொண்டே நிற்பாள்.

"நம்ம ரெண்டு பேர்ல யாரு பெரிய பாவின்னு சாமிதான் சொல்லணும்" என்று லைல் அவளிடம் சொல்வார். "எனக்காவது பென்ஷன் இருக்கு."

தணிக்கை வருகிறது என்று தெரிந்ததும் ட்ரெண்ட் அவரைக் கூப்பிட்டான். ஒரு மாதத்துக்கு முன்னால்.

"லைல், இந்த மேவிஸுக்குக் காதுல அடையாள வில்லை இல்ல. எந்தப் பண்ணை, எந்த ஊருன்னு பேப்பர் இல்ல. பர்கர்காரங்க வர்றப்ப ஊர்பேர் இல்லாத மாடு ஒண்ணு பட்டியில நிக்கக்கூடாது. உங்ககிட்டதான் பத்து ஏக்கர் இருக்கே, கூட்டிட்டுப் போயிடுங்க. நான் ஒண்ணும் கேக்கல."

நல்ல மனுஷன்தான் ட்ரெண்ட். ஒரு மாத அவகாசம் கொடுத்தான். வீட்டு வேலியில் மூன்று கம்பம் சாய்ந்திருந்தது, அதை நிமிர்த்த வேண்டும். மாடு வளர்க்கும் இடம் என்று ஒரு படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். மாட்டை ஏற்றிப்போக ஒரு இழுவை வண்டி இரவல் வாங்கவேண்டும். முதல் சனிக்கிழமை முழங்கால் வலித்தது. இரண்டாவது சனிக்கிழமை ஃபுட்பால். மூன்றாவது சனிக்கிழமை மீன் நன்றாகக் கடிக்கிறது என்று யாரோ சொன்னார்கள், பொய். தான் நல்லவன் என்பதில் லைலுக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. நல்லவனாக இருப்பதற்கு நேரம்தான் கிடைக்கவில்லை.

தணிக்கைக்கு முந்தின வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி, கடைசி மந்தை. "இன்னிக்குள்ள, லைல்" என்று ட்ரெண்ட் சொல்லிவிட்டுப் போயிருந்தான். லைல் மேவிஸின் காதில் ஒரு வில்லையை அழுத்தினார். லாரியில் வரும்போதே செத்துப்போன ஏதோ ஒரு பசுவினுடையது அது. அவள் ஒருமுறை காதை உதறினாள். அவ்வளவுதான். அவர் மேலே ஏறி மேடையில் நின்றார். அவள் மந்தைக்கு முன்னால் ஏறி வந்தாள். மணி ஆடியது. கதவுக்கு நேராக நின்றாள்.

அவர் கயிற்றை இழுக்கவில்லை.

அவள் காத்திருந்தாள். கிழவர்களுக்கு நேரமாகும் என்று தெரிந்தவளைப்போல. பின்னால் வந்த மாடு முட்டியது, அதன் பின்னால் இன்னொன்று. மேவிஸ் கால்களை ஊன்றிக்கொண்டு நின்றாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள். பயமே இல்லை அந்தக் கண்ணில். இருந்திருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும். 'மறந்துட்டியா?' என்பதுபோல ஒரு பார்வை. பிறகு நாக்கை நீட்டிக் கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை நக்கினாள். பின்னாலிருந்து அறுபது மாடுகளின் கனம் அவளை மேலே தள்ளிக்கொண்டு போய்விட்டது.

அரை மணி நேரம் கழித்து மேல்தளத்திலிருந்து ஒருவன் இறங்கி வந்து, ஒரு பிளாஸ்டிக் பையில் மணியைக் கொடுத்துவிட்டுப் போனான். அவனும் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் லைல் கிளெனிஸிடம் சொன்னார், "கயிறு சிக்கிக்கிச்சு."

"அவ பயந்தாளா?" என்று கேட்டாள் கிளெனிஸ்.

"அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. சட்டுனு முடிஞ்சுது."

கிளெனிஸ் அவருடைய தோளில் முகத்தை வைத்து அழுதாள். 'பாவம் நீ' என்று வேறு சொன்னாள்.

*

செவ்வாய்க்கிழமையும் மாடுகள் அப்படியே நடந்தன. புதன்கிழமையும்.

"பெருசு, நீ இதுங்களுக்கு என்ன மந்திரம் போட்டே?" என்றான் செமிசி. டோங்கா தீவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவன், பட்டியில் லைலின் கூட்டாளி, கதவு அகலத் தோள். "உன் பேச்சை உன் பொண்டாட்டிகூட இவ்வளவு கேக்காது."

"செமிசி, அந்தக் கதவுகிட்ட வந்ததும் நிக்குதே, பார்த்தியா?"

"எந்தக் கதவு?"

"இடப்பக்கம். ஒவ்வொண்ணும் நின்னு என்னைப் பாக்குது."

செமிசி கொஞ்ச நேரம் மாடுகளைப் பார்த்தான். "உன் மூஞ்சி அப்படி. நானும்தான் நின்னு பாக்கறேன், இன்னும் பழகல." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ராத்திரி தூங்குறியா பெருசு?" என்றான்.

லைல் தூங்கவில்லை. மணியை அவர் ஒரு பழைய துணியால் சுற்றி, நாக்கு அசையாதபடி துணியை உள்ளேயும் திணித்து, தன் கருவிப்பெட்டியின் அடியில் ஸ்பானர்களுக்குக் கீழே வைத்திருந்தார். தூக்கிப்போட மனசில்லை. பார்க்கவும் துணிச்சலில்லை. ஆனால் காலையில் மேடையில் நின்றுகொண்டிருக்கும்போது, குளம்புச் சத்தத்துக்கு அடியில், கால்வாயில் கழுவு தண்ணீர் ஓடும் சலசலப்புக்கும் அடியில், காதில் விழுந்ததா நினைப்பில் விழுந்ததா என்று சொல்ல முடியாத மெல்லிசான ஒரு கிணுகிணுப்பு, பாதையின் வாயிலில் தொடங்கி, வளைவு வளைவாக ஏறி, கதவுக்கு நேராக வந்து, நிற்கும். அவர் கீழே பார்ப்பார். அங்கே ஒரு மாட்டின் நீளத்துக்குக் காலி இடம்.

வியாழக்கிழமை அவருடைய சட்டைப்பை நனைந்திருந்தது. உள்ளே இருந்த இஞ்சி பிஸ்கட் இரண்டில் ஒன்றைக் காணோம். மற்றது ஊறிக் குழைந்து, வழவழவென்று, புல் வாசனையோடு இருந்தது. பழக்கதோஷத்தில் அவர் தினமும் எடுத்துவந்துகொண்டிருந்த பிஸ்கட்.

அன்று முதல் பிஸ்கட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். சட்டைப்பை மட்டும் தினமும் மூன்று மணிக்கு நனைந்தது.

இரண்டாவது வாரம் ஒரு யோசனை தோன்றியது. மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்களுக்கு வழக்கமாகத் தோன்றும் யோசனைதான், ஏதாவது ஒன்றை ரிப்பேர் செய்வது. கதவின் கீல்களுக்கு எண்ணெய் போட்டார். கயிற்றை மாற்றினார். வெள்ளிக்கிழமை மூன்று மணி மந்தை வருவதற்கு முன்னால், கதவை அகலத் திறந்து கம்பியால் கட்டிவைத்தார். போகட்டும். அறுபதும் வெளியே போகட்டும். வேலை போனால் போகட்டும். கிளெனிஸிடம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம், அதில்தான் இப்போது நல்ல பழக்கம் வந்துவிட்டதே.

மாடுகள் வந்தன. திறந்திருந்த கதவுக்கு நேராக, வெளியே வெயிலும் புல்லும் தண்ணீர்த் தொட்டியும் தெரிய, முதல் பசு நின்றது. வெளியே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தது. நேராக மேலே போனது.

அறுபதும்.

மேவிஸ் கதவைத் திறக்கக் கேட்டது இந்த மாடுகளுக்காக இல்லை.

*

பர்கர் கடைக்குப் போவது கிளெனிஸின் யோசனை. ஆறாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. ராக்ஹாம்ப்டன் நகரத்தில் அவளுக்குக் கண் பரிசோதனை முடிந்து திரும்பும்போது, சமைக்க அலுப்பாயிருக்கிறது, நெடுஞ்சாலைக் கடையிலேயே ஏதாவது சாப்பிட்டுவிடலாம் என்றாள். வெயில் இன்னும் இறங்கவில்லை.

லைலுக்கு அந்தக் கடையின் சரக்கு தெரியும். கிளப்பில் இரண்டு பீர் உள்ளே போனால் அவரே அதை விளக்குவார். பர்கர்காரனுக்கு இளங்காளையின் தொடைக்கறி வேண்டாம், அது ஹோட்டலுக்குப் போகும். அவனுக்கு வேண்டியது பாலும் வற்றி, கன்றும் நின்றுபோன கிழப்பசு. "நீ கடிக்கிறது யாரைன்னு நினைக்கறே? ரிட்டயர் ஆன டீச்சரம்மா மாதிரி ஒருத்தி" என்பார். கொழுப்பில்லாத கறி. அட்டைப்பெட்டிகளில் உறைந்து நகரத்துக்குப் போய், வேறு நூறு மாடுகளின் கறியோடு ஒரே கொத்துக்கறியாகி, வட்டு வட்டாக வெட்டப்பட்டு, கொஞ்சம் கப்பலேறும், கொஞ்சம் சுற்றி வளைத்து இதே சாலைக்குத் திரும்பும். ஒரு பசு ஆயிரம் வாய்க்குள் போவாள். ஐந்தாறு வாரம் ஆகும்.

ஐந்தாறு வாரம். அவர் வண்டியை நிறுத்தும்போதுதான் கணக்குப் போட்டார்.

கடைக்குள் கூட்டம். பள்ளிக்கூட நெட்பால் குழு, சாலை வேலைக்காரர்கள், ஒரு கர்ப்பிணி, கதவோரத்தில் சம்பள நாள் விருந்துக்கு வந்திருந்த செமிசி. பணம் கட்டும் இடத்துக்கு முன்னால் பளபளவென்று இரும்புக் கம்பிகள் கட்டி, ஒருவர் மட்டும் நுழையும் அகலத்தில், வளைந்து வளைந்து போகும் வரிசை. வறுத்த கொழுப்பின் வாசனை. தலைக்கு மேலே குழல் விளக்கின் ரீங்காரம். லைலும் கிளெனிஸும் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தார்கள். கிளெனிஸ் வரிசைக்குப் போய் வாங்கிவந்தாள். அவருக்குப் பசியில்லை, காப்பி மட்டும் போதும் என்றார்.

அவர் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரும்பாலோர் வாராவாரம் வருகிறவர்கள். வரிசை நகர்ந்தது. சாலை வேலைக்காரன் ஒருவன் கடைசி வளைவுக்கு வந்தான். நின்றான். அவனுக்கு முன்னால் இடம் காலியாகத்தான் இருந்தது. ஒரு மாட்டின் நீளம். அவன் தலையை இடப்பக்கமாகத் திருப்பி, லைலைப் பார்த்தான். பிறகு முன்னால் போய், "பெரிய உருளைக்கிழங்கு ஒண்ணு" என்றான்.

அடுத்து அந்தக் கர்ப்பிணி. நின்றாள். பார்த்தாள். போனாள்.

நெட்பால் பெண்கள் கலகலவென்று பேசிக்கொண்டே வந்தார்கள். வளைவில் பேச்சு நின்றது. ஏழு பேரும், ஒவ்வொருவராக. கோபமில்லாத, பயமில்லாத, பொறுமையான பார்வை. பிறகு பேச்சு விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது.

எதிரே கிளெனிஸ் மென்றுகொண்டிருந்தாள். மெதுவாக. தாடை பக்கவாட்டில் நகர்ந்தது, ஒரு பக்கம், மறு பக்கம். கண் சொட்டு மருந்தினால் அவளுடைய கண்மணிகள் பெரிதாக, கறுப்பாக, ஈரமாக இருந்தன.

"நீ கயிறை இழுக்கல" என்றாள்.

"என்ன?"

"என்ன என்ன?"

"இப்ப என்ன சொன்னே?"

"வெங்காயம் போடலன்னேன். என்ன ஆச்சு உனக்கு, மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போச்சு?" அவள் கையை நீட்டி அவர் நெற்றியைத் தொட்டாள். அன்பான கை. முப்பத்தெட்டு வருஷப் பழக்கமுள்ள கை. பிறகு அந்தக் கை இறங்கி, அவருடைய சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தது. எதையோ தேடுவதுபோல. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அன்று வீட்டில் அவர் உண்மையைச் சொல்லிவிட முடிவு செய்தார். பாத்திரம் கழுவும் இடத்தில் அவளுக்குப் பின்னால் போய் நின்றார். "கிளெனிஸ், மேவிஸ் விஷயம்" என்று தொடங்கினார். அவள் திரும்பாமல், "அதை விடு லைல். உன் தப்பு இல்ல. கயிறுதானே சிக்கிச்சு" என்றாள். லைல் "ஆமா" என்றார்.

இன்னொரு தடவை. கதவு அங்கேயே இருந்தது, கயிறு கையிலேயே இருந்தது, இழுக்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை. மூன்று மணி.

நீல வானம். மேகமே இல்லை. கடைசி மந்தைக்கான லாரி வரவில்லை. பட்டி காலி. இரும்பு வேலிகளின் நிழல்கள் காய்ந்த தரையில் ஏணி ஏணியாக விழுந்து கிடந்தன. காகம்கூட இல்லை. ஆலையின் குளிர்யந்திரம் நாள் முழுதும் உறுமும், அந்த உறுமலும் இல்லை. லைல் இருபத்தாறு வருஷத்தில் கேட்டிராத அமைதி அது.

"செமிசி?"

லைல் பட்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

அவர் கருவிப்பெட்டியைத் திறந்தார். ஸ்பானர்களை எடுத்து வெளியே போட்டார். துணி இருந்தது. சுற்றியது சுற்றியபடி, மணியின் வடிவத்திலேயே இருந்தது. உள்ளே மணி இல்லை.

வளைபாதையின் வாயிலில் அது ஒலித்தது.

நினைப்பில் இல்லை. காதில். தெளிவாக. ஆடி ஆடி நடப்பவளின் கழுத்தில் ஆடும் மணி, இரண்டு அடிக்கு ஒரு தரம்.

அவர் பையைத் தொட்டார். அன்று காலை, என்ன நினைத்தாரோ, இரண்டு பிஸ்கட் எடுத்து வைத்திருந்தார். நனையவில்லை. அதில் அவருக்கு ஒரு நம்பிக்கை வந்தது. அவள் காத்திருக்கிறாள். அவ்வளவுதான். நேரில் போய்ச் சொல்லவேண்டும். கிளெனிஸிடம் சொல்ல முடியாததை இவளிடம் சொல்லலாம். வேலியை நிமிர்த்தச் சோம்பல், அதனால்தான், வேறொன்றுமில்லை என்று சொல்லவேண்டும். இவ்வளவு கேவலமான காரணத்தை ஒரு மாட்டிடம்தான் சொல்ல முடியும்.

அவர் பாதைக்குள் நுழைந்தார்.

இருபத்தாறு வருஷத்தில் அவர் அதை மேலிருந்தோ வெளியிலிருந்தோதான் பார்த்திருந்தார். உள்ளிருந்து அது வேறு. சுவர்கள் உயரம். வானம் ஒரு கீற்று. வளைவுக்கு அப்பால் என்ன என்று தெரியாது, தெரியக்கூடாது என்றுதான் வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். சுவர் முழுதும் விலா உரசிய வழவழப்பு. அதில் முடிகள். சிவப்பு, கறுப்பு, வெள்ளை. மணி ஒரு வளைவு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

"மேவிஸ்" என்றார். "நில்லு, கண்ணு. முழங்கால் வலிக்குது."

பின்னால் ஒரு சத்தம். தடுப்புத் தட்டி விழுந்தது. மாடு பின்வாங்காமல் இருக்க வைத்திருக்கும் தட்டி. முன்னால் தள்ளினால் தூக்கும், பின்னால் தள்ளினால் அசையாது. அதைப் பொருத்தியவரே அவர்தான்.

திரும்பிப் பார்த்தார்.

தட்டிக்கு அந்தப் பக்கம் செமிசி. வேலை உடையில். கைகள் தொங்கின. தாடை அசைந்தது, ஒரு பக்கம், மறு பக்கம்.

"செமிசி, தட்டியைத் தூக்குடா."

செமிசி தட்டியைத் தூக்கினான். உள்ளே வந்தான். தட்டி அவன் பின்னால் விழுந்தது. மறுபடி எழுந்தது. சாலை வேலைக்காரன். விழுந்தது. எழுந்தது. கர்ப்பிணி. ட்ரெண்ட், கழுத்துப்பட்டையோடு. நெட்பால் பெண்கள் ஏழு பேர். மாட்டு லாரி நிற்கும் சரிவு வழியாக, ஒற்றை வரிசையில், ஊர் ஏறி வந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல். மென்றுகொண்டு. கோபமில்லாமல்.

"விளையாடாதீங்கப்பா" என்றார் லைல்.

செமிசியின் மார்பு அவர் முதுகில் பட்டது. தள்ளவில்லை. நடந்தான், அவ்வளவுதான். அவனுக்குப் பின்னால் எல்லோரும் நடந்தார்கள். லைல் கால்களை ஊன்றினார். பூட்ஸ் வழுக்கியது. ஒரு வளைவு. சுவரில் நகத்தை ஊன்றினார். இன்னொரு வளைவு. "கிளெனிஸ்" என்று கத்தினார். அவள் பதில் சொன்னாள். வரிசையில் எங்கோ பின்னாலிருந்து. வார்த்தை இல்லை. நீளமான, தாழ்ந்த, அடிவயிற்றிலிருந்து வந்த ஒரு சத்தம்.

மணி நின்றது.

கடைசி வளைவு. இடப்பக்கச் சுவரில் அந்தச் சின்னக் கதவு. மூடியிருந்தது. எண்ணெய் போட்ட கீல்கள் மினுங்கின. தாழ்ப்பாளில் ஈரம்.

அவர் நின்றார். நிற்கத்தான் வேண்டும். பின்னால் வரிசையும் நின்றது. கொஞ்ச நேரம் எல்லோரும் மூச்சுவிடும் சத்தம் மட்டும். ஒரு கயிற்றை இழுக்க ஆகும் நேரம்.

பிஸ்கட் இரண்டையும் எடுத்தார். தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு, தலையைத் தூக்கிப் பார்த்தார்.

பலகை மேடையில், அவர் இருபத்தாறு வருஷம் நின்ற இடத்தில், வெயிலுக்கு முதுகு காட்டி அவள் நின்றாள். கழுத்தில் மணி. காதில் அவளுடையதல்லாத வில்லை. நீள முகம். பெரிய, ஈரமான, பொறுமையான கண். அவளுக்கு அவரைத் தெரிந்தது. எதையும் மறக்கவில்லை.

கதவின் கயிறு அவள் வாயில் இருந்தது.

மேலே, இரும்புப் பெட்டியின் ஷட்டர் தூக்கப்படும் சத்தம்.

மேவிஸ் அவரையே பார்த்துக்கொண்டு, மெதுவாக அசைபோட்டாள். ஒரு பக்கம். மறு பக்கம். அவள் தாடையோடு சேர்ந்து கயிறு ஆடியது. தளர்வாக.